எடைமேடையில் இருபது கிலோ

இந்தக் கரையில் மரம் அதிகம் நிற்பதில்லை.
ஏகர்சுண்டைத் தாண்டினால்
வெயிலில் கிடந்த எலும்புபோல வெளிறிய குன்றுகள்,
நடுவே ஓர் ஆட்டுப்பட்டி, அப்புறம் கடல்.
ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் ஜனவரியில்
நான் எடைமேடையின் கண்ணாடிக் கூண்டில் இருக்கிறேன்.
ரக்ன்ஃப்ரிட் என் பெயர்.
ஏற்றிய லாரியில் வெறும் லாரியைக் கழித்தால் கல்.
இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரே கணக்கு.

இரவு லாரி வைதோடஸுடையது.
ஷௌலேயில் அவனுக்கு ஏழு வயதில் ஒரு மகள்.
தொலைபேசியில் அவள் கேட்பதையெல்லாம்
வயர்லெஸ்ஸில் என்னிடம் கொட்டிவிட்டுப் போவான்.

நிலா ஏன் முதுகைக் காட்டுவதே இல்லை?
தன்னைச் சுற்ற எத்தனை நாளோ
நம்மைச் சுற்றவும் அத்தனை நாள், என்றேன்.
சாப்பாட்டு மேசையை ஒருமுறை சுற்றி வரச்சொல்,
முகம் மேசைப் பக்கமே இருக்கட்டும்.
வட்டம் முடிவதற்குள்
நான்கு சுவரையும் பார்த்திருப்பாள்.
அடுத்த நடையில் சொன்னான்:
சுற்றினாளாம், பூனை தடுக்கி விழுந்தாளாம்.

அந்தக் கறுப்புத் திட்டு?
என் அப்பாவுக்கு அது விறகு சுமக்கும் ஆள். உங்கள் ஊரில்?
எங்கள் ஊரில் மேகம், என்றான்.
முதலில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்கள்
கடல் என்று பெயரிட்டார்கள், ஒரு மீன் கிடையாது.
பலத்த அடி வாங்கிய பள்ளங்களில்
பிற்பாடு உள்ளிருந்து கசிந்து
உறைந்துபோன குழம்பு அது.
அப்படியானால் வெள்ளை?
வெள்ளையா,
இதோ நீ ஏற்றியிருக்கிறாயே.

வயர்லெஸ் கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.

குவாரிக்கு வந்த புவியியல்காரி ஒருத்தி
என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னது:
செவ்வாய் அளவுக்கு ஒன்று
இளம் பூமிமேல் வந்து மோதியதாம்.
தெறித்ததெல்லாம் சுற்றிச்சுற்றித் திரண்டதாம்.
மோதியதாம் என்றுதான் சொல்கிறேன்,
மோதியது என்று இல்லை.
பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்?
திரண்டது முழுக்க நெருப்புக் கடல்.
ஆற ஆறக் கனத்தது அடியில் போக
லேசான படிகம் மிதந்து மேலே வந்தது,
காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல.
அந்த ஆடைதான் நாம் பார்க்கும் வெள்ளை.
அனார்த்தோசைட்.
இந்தக் குன்றுக்கும் அதே பெயர்தான்,
வயதுதான் எட்டாது:
இதற்கு நூறு கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்,
அதற்கு நானூறு கோடிக்கும் மேல்.
நாங்கள் இதை நொறுக்கி டென்மார்க் சாலைகளுக்கு அனுப்புகிறோம்,
இரவில் விளக்கொளியைத் திருப்பித் தருகிறதென்று.

காலை ஆறு மணி. கப்பலுக்குக் கொட்டிவிட்டு
காலியாக மேடை ஏறியது அவன் லாரி.
இருபது கிலோ கூடுதல்.
இந்தத் தராசுக்குத் தெரிந்த மிகச் சிறிய எண்ணே அதுதான்.
இறங்கிப் போனேன். இருக்கைக்கு அடியில்
கம்பளிச் சட்டையில் சுருட்டி ஒரு கல்,
தூங்கும் குழந்தையை மூடுகிற மாதிரி.
அவனுக்குக் காதுவரை சிவந்தது.

நிலா என்று சொல்லிக் கொடுக்கப்போகிறாயா?
பதில் இல்லை.
பொய் வேண்டாம். பங்காளி என்று சொல்.
ஒரே மாதிரிப் பிறந்து
வேறு வீட்டில் வளர்ந்தது.

சரி, என்றான். ஆனால் அது தள்ளித்தள்ளிப் போகிறதாமே,
வகுப்பில் சொன்னார்களாம். அதற்கு என்ன சொல்ல?
ஆமாம், போகிறது, என்றேன். வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர்கூட இல்லை.
நகம் வளரும் வேகம்.
கையுறையைக் கழற்றித் தன் நகங்களைப் பார்த்தான்.
ஓரமெல்லாம் கிரீஸ்.
வெட்ட வேண்டும், என்றான்.

பதிவேட்டில், எடை வித்தியாசத்துக்கு எதிரே
காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு.
பனி, என்று எழுதினேன்.
அன்று பனியே இல்லை. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
சாட்சி சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று,
அதுவும் விறகைத் தூக்கிக்கொண்டு
கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.